விடை கொடுக்காத வீடு

வில்லியனூரை ஒட்டிய எங்கள் ஊரில், வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து “போய்ட்டு வா” என்று நாம் முதலில் சொல்லக் கூடாது. அவராக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, “வரேம்பா” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வெற்றிலைத் தட்டு வெளியே வரும். தட்டு முந்திக்கொண்டால், எழுந்து போ என்று சொன்னதாகிவிடும். இப்போது என் பேரனின் நண்பர்கள் கைபேசியைப் பார்த்தபடியே வருகிறார்கள், பார்த்தபடியே போகிறார்கள். இன்னும் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதை வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அது போகட்டும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, எங்கள் மாதா கோயில் சாமியார் மூலமாக ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குப் புதுச்சேரியில் மில் வேலை. எங்களைப் போலவே கிறிஸ்தவர்கள்தான், ஆனால் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். தகப்பன் இல்லாத பிள்ளை என்பதால் அவருடைய பெரியப்பாதான் பெண் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் சரியென்றால் சரி. அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப் போயிருந்தன. சத்தமாகச் சிரிக்கிறாள் என்பது முதல் வரன் சொன்ன காரணம். இரண்டாவது வரன் காரணமே சொல்லவில்லை.

அந்தப் பக்கத்து ஆட்கள் மரியாதை விஷயத்தில் ரொம்பக் கறார் என்று சாமியார் எச்சரித்திருந்தார். அப்பா எங்களை வரிசையாக நிறுத்தி உத்தரவு போட்டார்.

“எவனும் எகனமொகனயா எதுவும் பேசாதீங்க. அவராக் கெளம்பறேன்னு சொல்ற வரிக்கும் ஒருத்தரும் வெத்தலயத் தொடக் கூடாது. இன்னா, புரியுதா?”

பெரியவர் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். அப்பா தனக்குத் தெரிந்த மரியாதையையெல்லாம் திரட்டி அவரை வரவேற்றார். “வாண்ணே, வா. இப்பிடிக் குந்து. இன்னா, பஸ்ல கூட்டமா?”

பெரியவர் ஒரு கணம் அப்பாவையே பார்த்தார். பிறகு, “ஆமாங்க, கூட்டந்தானுங்க” என்று உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பி, “தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க கண்ணு” என்றார்.

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அதற்கு முன் என்னை யாரும் ‘வாங்க’ என்று அழைத்ததில்லை. அந்த நிமிஷம் முதல் நான் அவரை விட்டு அகலவில்லை. அவர் சொல்லும் ‘ங்க’ ஒவ்வொன்றையும் எண்ணத் தொடங்கி, நூறு தாண்டியதும் கை ஓய்ந்து விட்டுவிட்டேன்.

மத்தியானம் கோழிக்குழம்பு. பெரியவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தார். அப்பாவும் எதிரில் உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார்கள், கரும்பைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் பேச எதுவும் மிச்சமில்லை. பெரியவர் அவ்வப்போது அடுப்பங்கரைப் பக்கம் பார்ப்பார். உடனே அப்பா, “அண்ணனுக்கு இன்னொரு டீ எட்தா” என்று குரல் கொடுப்பார். இருட்டியதும் அம்மா வேறு வழியில்லாமல் பாய் விரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்களோடு பூசைக்கு வந்தார். அங்கிருந்தே போய்விடுவார் என்று நினைத்தோம். எங்களோடே திரும்பி வந்தார். இன்னொரு கோழியும் அடுப்பில் ஏறியது.

“பொண்ணப் பாக்க வந்தாரா, நம்ம கோழிங்களத் துன்னு தீக்க வந்தாரா?” என்று கொல்லைப்புறத்தில் சித்தப்பா கேட்டார்.

“மெதுவாப் பேசுடா. நம்மகிட்ட ஏதோ கொற கண்டுட்டாரு. அதான் வாயத் தொறக்க மாட்டேன்றாரு” என்றார் அப்பா. அவர் முகம் வாடியிருந்தது.

அத்தையின் நிலைமைதான் பரிதாபம். இரண்டு நாளும் பட்டுப்புடவை, குனிந்த தலை, சிரிப்பு கிடையாது. மூன்றாவது வரனும் தட்டிப் போகப்போகிறது என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அம்மா அவளை வேலை வாங்காமல் விட்டதிலேயே எல்லாம் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. பெரியவர் மறுபடியும் வந்து உட்கார்ந்தார். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

அப்போது அடுப்பங்கரையிலிருந்து அத்தை வெற்றிலைத் தட்டோடு வந்தாள். சித்தப்பா “ஏய்!” என்று அடிக்குரலில் அதட்டினார். அப்பா பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். சாமியாரைத் தவிர ஊரில் எல்லோரையும் வா போ என்று பேசுகிறவள், இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள்.

“நேரமாச்சுங்க மாமா. உங்க ஊட்டு எருமை வேற கன்னு போடற நேரம். போயிட்டு வாங்க.”

பெரியவர் இருந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்தார். “அப்படிச் சொல்லுங்க அம்மணி! ஊட்டுக்காரங்க வெத்தல குடுத்து அனுப்பாம நாமளா எந்திரிச்சுப் போனா நல்லாருக்குங்களா? நேத்து மத்தியானத்துல இருந்து இதுக்குத்தானுங்க உக்காந்திருக்கறேன்.”

அப்பாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. ஆனால் எனக்குக் கணக்கு உதைத்தது.

“எருமையா? அவரு எருமையப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே அத்த. நான் கூடவேதான குந்திக்கினு இருந்தேன்? உனக்கு யாரு சொன்னா?”

அப்பா அத்தையைப் பார்த்தார். சித்தப்பா அத்தையைப் பார்த்தார். பெரியவரும் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து என் தோளில் கை வைத்தார்.

“நாந்தானுங்க தம்பி சொன்னேன். காலைல கோயில்ல இருந்து வர்றப்ப அம்மணிகிட்டச் சொன்னனுங்க. நீங்க முன்னால ஓடிட்டீங்க கண்ணு.”

நான் முன்னால் ஓடவில்லை. கோயில் வாசலிலிருந்து வீடு வரைக்கும் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, வெற்றிலையை மடியில் முடிந்துகொண்டு, அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். “எங்கூட்டுக்கு ஏத்த புள்ளதானுங்க. சாமியாரக் கேட்டுக் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிச்சுருங்க.”

விஷயம் எனக்குத் தெரிய வந்தபோது எனக்கே கல்யாணமாகியிருந்தது. அம்மாதான் சொன்னாள். அத்தை தையல் வகுப்புக்காகப் புதுச்சேரிக்குப் போய்வந்த பஸ்ஸில்தான் மாப்பிள்ளையும் மில்லுக்குப் போய்வந்திருக்கிறார், ஏழு மாதம். சாமியாரிடம் பேச்செடுத்ததே அவர்தான். பெரியப்பா வீட்டு எருமையும் வெற்றிலை வழக்கமும் அந்தப் பஸ்ஸில் அத்தையின் காதுக்கு வந்தவை. தெரிந்தும் ஒன்றரை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அந்தக் காலத்து எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வந்தால் கல்யாணம் நின்றுவிடும்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்? என்னை ‘வாங்க’ என்று கூப்பிட்ட ஒரே மனிதர் கூசாமல் பொய் சொல்லிவிட்டாரே என்று வாழைப்பழத்தைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா அவரைப் பஸ் ஏற்றிவிடக் கிளம்பியதும், அத்தை என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அடுத்த நிமிஷம் குட்டிய இடத்திலேயே ஒரு முத்தமும் வைத்தாள். இரண்டும் எதற்கென்று எனக்குப் புரியவில்லை.