சித்தி தோற்ற வாரம்

நான் ஏழாவது படித்த வருஷம், மார்கழிப் பனி இறங்கியிருந்த ஒரு வாரத்தில், என் சித்தி நான்கு வேலைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். பஞ்சாயத்து வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றாள். அதற்காக வீடு வீடாகப் போய்ப் பேசினாள். அஞ்சல் வழியில் எடுத்திருந்த பட்டப்படிப்புக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பரீட்சை இருந்தது, அதற்கும் படித்தாள். இத்தனைக்கும் நடுவில், ஊர்ப் பையன்கள் நடத்திய செல்போன் விளையாட்டுப் போட்டியில் எங்கள் அணிக்குத் தலைவியாகவும் இருந்தாள். என் கணக்கில் இந்தக் கடைசி வேலைதான் முக்கியமானது. மற்ற மூன்றும் அதற்கு இடைஞ்சல்.

சித்தி அம்மாவின் தங்கை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அந்த வாரம் முழுக்க லீவு சொல்லிவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேர அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினாள். விடியற்காலை படிப்பு, காலையில் மேல்தெரு, மதியம் மறுபடி படிப்பு, நாலு மணிக்குக் கீழ்த்தெரு, ஆறிலிருந்து ஏழு வரை ஆட்டம். தேர்தலில் அவளுக்குக் கிடைத்த சின்னம் கட்டில். "கட்டில் சின்னம் வாங்குனவ கட்டில்ல படுத்து நாலு நாளாச்சு" என்று அப்பா சிரித்தார்.

தேன்கனிக்கோட்டைச் சாலையிலிருந்து பிரிந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். டவுன் பஸ் சாலையோடு போய்விடும். நடக்கிற வழியின் இரண்டு பக்கமும் ராகிக் கொல்லைகள். கதிர் முற்றுகிற மாதங்களில் காட்டிலிருந்து யானை இறங்கும். ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடுவதால் அதற்கு மேல் படிக்கிறவர்கள் அந்த வழியில்தான் போய்வர வேண்டும். பையன்கள் சைக்கிளில் பறந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளை ஏதாவது ஒரு மார்கழியில் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். சித்தியையும் அப்படித்தான் நிறுத்தினார்களாம். பஸ் ஊருக்குள் வரவேண்டும் என்பதுதான் அவள் பேசிய ஒரே பேச்சு.

ஆனால் அதை ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு மாதிரி பேசினாள். மேல்தெருவில் தெலுங்கு, தளியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களிடம் கன்னடம், எங்கள் கீழ்த்தெருவில் தமிழ். மேல்தெரு நிலக்காரர்களின் தெரு. கீழ்த்தெரு அந்த நிலங்களில் வேலை செய்து, பிறகு கம்பெனிகளுக்குப் போகத் தொடங்கியவர்களின் தெரு. இரண்டும் ஒரே வார்டு. சித்தியை எதிர்த்து நின்றது மேல்தெருவின் பெரிய வீட்டம்மா. அவருடைய மகன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். விளையாட்டில் எங்களுக்குப் பரம எதிரியும் அவன்தான்.

அது தீவில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, கடைசி வரை உயிரோடு இருப்பவர் ஜெயிக்கிற ஆட்டம். அணிக்கு நான்கு பேர். எங்கள் அணியில் சித்தி, நான், எங்கள் தெரு அண்ணன்கள் இரண்டு பேர். அவரவர் வீட்டில் இருந்தபடியே ஆடலாம். சித்தி ஆடினால் பார்க்க வேண்டும். பதறவே மாட்டாள். "ஓடாத, புல்லுல படு, அவங்களே வருவாங்க" என்பாள். அப்படியே வருவார்கள். அரையிறுதியில் அவள் ஒருத்தியே எதிரணியின் நான்கு பேரையும் வீழ்த்தினாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவள் அக்கா மகள் என்ற முறையில் எனக்கு மரியாதை கூடியிருந்தது.

இறுதி ஆட்டம் புதன்கிழமை மாலை நடந்தது. நானும் சித்தியும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆடினோம். நான் சீக்கிரமே செத்துப்போனேன். அண்ணன்களும் போனார்கள். எதிரணியிலும் மூன்று பேர் காலி. தீவில் மிச்சம் சித்தியும் பாலிடெக்னிக்காரனும் மட்டும். சித்தி பாறைக்குப் பின்னால் நல்ல இடத்தில் படுத்திருந்தாள். அவன் வெட்ட வெளியில் ஓடிவந்துகொண்டிருந்தான்.

அப்போது மேல்தெருவிலிருந்து ஒரு அம்மா வந்து எங்கள் வேலியோரம் நின்றார். அவர் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. சித்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"ரண்டி, கூச்சோண்டி" என்று தெலுங்கில் வரவேற்று, உட்காரத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சித்தி! அவன் வரான்!" என்று கத்தினேன்.

"போய்த் தண்ணி கொண்டா, போ" என்றாள்.

கொண்டு வந்தேன். அந்த அம்மா சொம்பை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் குடித்தார். தன் மகள் எட்டாவது முடிக்கப்போகிறாள் என்றும், வீட்டில் நிறுத்தப் பார்க்கிறார்கள் என்றும் தெலுங்கில் சொன்னார். "பஸ்ஸு நிஜமாவே வருமா?" என்பதை மட்டும் தமிழில் கேட்டார். சித்தி வரும் என்று சொல்லவில்லை. எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும், எத்தனை பேர் கையெழுத்து வேண்டும், ரோட்டில் எந்த வளைவு பஸ் திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் பேசியிருப்பார்கள். அவர் போன பிறகு நான் செல்லை நிமிர்த்தினேன். சித்தி பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தாள்.

நான் அழுதேன். கோபத்தில் அட்டவணைத் தாளைக் கிழிக்கக்கூடப் போனேன். என் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாத்துக்குடி அழுவுற? ஆட்டம் நாளைக்கும் இருக்கும். அவங்க நாளைக்கு வருவாங்களா?" என்றாள் சித்தி.

வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்டார்கள். சித்தி ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். சில நாள் கழித்து எண்ணியபோது பதினோரு ஓட்டில் தோற்றிருந்தாள். பெரிய வீட்டில் பட்டாசு வெடித்தது. அன்று முழுக்க எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சித்தி மட்டும் வழக்கம்போல் ரசத்துக்கு உப்புப் பத்தவில்லை என்றாள்.

மறுநாள் காலை அவள் செய்த காரியத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, ஓட்டு எண்ணுவதற்குள் கையெழுத்து வாங்கி வைத்திருந்த பஸ் மனுவை எடுத்துக்கொண்டு, ஜெயித்தவர் வீட்டுக்கே போனாள். மேல்தெரு முனையில் அன்று தண்ணீர் குடித்த அம்மா காத்திருந்து கூடவே நடந்தார். நான் பின்னாலேயே போய் வாசலுக்கு வெளியே நின்றேன். "நீங்கதான் இப்ப மெம்பரு. நீங்க கொடுத்தா வெயிட்டா இருக்கும்ங்க" என்று சித்தி சொன்னது கேட்டது. பெரிய வீட்டம்மா மனுவை இரண்டு முறை படித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டுப் பேனா கேட்டார். பேனாவோடு வந்த பாலிடெக்னிக்காரன் சித்தியைப் பார்த்து, "அக்கா, அன்னிக்கு நீங்க சுடாம ஏன் சும்மா இருந்தீங்க?" என்றான். "வேலை வந்துச்சுப்பா" என்றாள் அவள்.

அலைச்சலில் மாதங்கள் போயின. அடுத்த பள்ளி திறப்புக்குப் பிறகு ஒரு நாள் காலை, மாலை போட்ட டவுன் பஸ் ஊருக்குள் வந்து திரும்பியது. பெரிய வீட்டம்மா முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். தேன்கனிக்கோட்டை வரை போய்த் திரும்ப ஊரே முண்டியடித்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்த சித்தி, கழுத்தில் கம்பெனி அட்டையோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அவளைப் போட்டோவுக்கு யாரும் கூப்பிடவில்லை.

"நீ ஏறலயா?" என்றேன்.

"எனக்குக் கம்பெனி வண்டி இருக்குதுல்ல. இந்த டைமு எனக்கு ஒத்தே வராது. நீ ஏறு, ஜன்னலாண்ட இடம் புடி."

தான் ஏறவே முடியாத ஒரு பஸ்ஸுக்காகவா இத்தனை பாடு என்று நினைத்தேன். சித்தி கொஞ்சம் ஏமாளிதான் என்று தீர்மானித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், பஸ் புறப்பட்டபோது அவளைத் திரும்பிப் பார்க்கக்கூட மறந்துபோனேன்.