பிடுங்கி டீச்சரின் முன்பல்

அந்தத் தெருவில் பிடுங்குகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் முனை வீட்டு மாடியில் வைத்தியம் பார்க்கும் பல் டாக்டரம்மா. இன்னொருவர் நம் கிளாரினெட் டீச்சர். டாக்டரம்மாவாவது மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் பிடுங்குவார். டீச்சருக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பிள்ளை இரண்டு வரி வாசிப்பதற்குள் "தப்பு! கொடு இங்க!" என்று வாத்தியத்தை வாயிலிருந்தே உருவி, கைக்குட்டையால் ஒரு துடை துடைத்து, தானே வாசித்துக்காட்டத் தொடங்கிவிடுவார். தன்னைப் பிள்ளைகள் பிடுங்கி டீச்சர் என்று சொல்வது அவருக்குத் தெரியும். "பட்டப்பேர் இல்லாத டீச்சரை எவன் ஞாபகம் வச்சிருக்கான்?" என்று பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

பத்து வயதில் டீச்சர் பள்ளி வாத்தியக் குழுவில் சேரப் போனபோது புல்லாங்குழல் எல்லாம் பங்கு போய்விட்டிருந்தது. அலமாரியில் மிஞ்சிக் கிடந்தது ஒரு கிளாரினெட். "எனக்கு வாய்ச்சதெல்லாம் மிச்சம்தான்" என்று கணவர் காதுபடச் சொல்வார். கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு டீச்சர் நாடக மேடைக்குக் கீழே இருட்டில் உட்கார்ந்து ஊதினார், கப்பல் விருந்தில் ஊதினார், ஊரே முணுமுணுத்த தரை சோப்பு விளம்பரத்துக்கும் ஊதினார். பேர் கிடைத்தது சோப்புக்கு. அப்புறம் நகர இசைக்குழுவில் இரண்டாவது கிளாரினெட்டாக இடம் கிடைத்து, காலையில் பள்ளிக்கூடம், மாலையில் வீட்டு முன்னறையில் பாடம், ராத்திரி மேடை என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கிளாரினெட் என்பது இல்லாவிட்டால் தெரியும், இருந்தால் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவரிடம் வந்து, "நீங்க வாசிச்சதைக் கேட்டேன்" என்று சொன்னதில்லை. வெளியே வாய் கிழியப் பேசினாலும், டீச்சரை உள்ளூர அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

அப்படியிருக்கையில் முதல் கிளாரினெட்காரர் வேலையை விட்டுப் போனார். சனிக்கிழமைக் கச்சேரியில் மற்ற எல்லா வாத்தியமும் அடங்கி, கிளாரினெட் மட்டும் தனியாக நீளமாகப் பாடும் ஓர் இடம் டீச்சர் மடியில் வந்து விழுந்தது. விழுந்ததைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே!

அந்த வாரத் தொடக்கத்தில் டீச்சரிடம் கற்றுக்கொள்ளும் ஓய்வு பெற்ற வரி அதிகாரி ஒருவர் பாடத்துக்கு வந்தார். வழக்கம்போல் இரண்டாவது வரியில், "தப்பு! கொடுங்க இங்க!" என்று டீச்சர் பாய்ந்தார்.

"இன்னைக்கு நானே முடிச்சிடறேன் டீச்சர்!"

"முடிச்சது போதும், விடுங்க!"

காலமெல்லாம் வரி வசூலித்த கை, லேசில் விடுமா? இவர் இழுக்க, அவர் இழுக்க, திடீரென்று அதிகாரிக்குக் குருபக்தி வந்து பிடியை விட்டுவிட்டார். ஊதுமுனை நேராக டீச்சரின் மேல் முன்பல்லில் வந்து இடித்தது. பாதிப் பல் தரையில் கிடந்தது.

கிளாரினெட்காரருக்குச் சொத்தே அந்தப் பல்தான். ஊதுமுனை அதில்தான் ஊன்றி நிற்கும். பல் ஒரு நூல் நீண்டாலும் குறைந்தாலும் வாய் வேறாகிவிடும், ஒலியும் வேறாகிவிடும். அதனால் விவரமுள்ளவர்கள் பல் நன்றாக இருக்கும்போதே அதற்கு அச்சு எடுத்து வைத்துக்கொள்வார்கள். டீச்சரையும் அச்சு எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் அவரும் டீச்சரின் மாணவிதான். ஐந்து வருஷமாகச் செவ்வாய்தோறும் வருகிறார். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் மூன்றாவது வரியில் சறுக்கி விழுவார். டீச்சர் வாத்தியத்தைப் பிடுங்கி முழுப் பாட்டையும் வாசித்துக்காட்டுவார். கிருமி, கிருமி என்று ஊரையே பயமுறுத்துகிற டாக்டரம்மா அதற்கு மட்டும் முகம் சுளித்ததில்லை. "உங்களுக்கு விரல் இருக்கு, மூச்சு இருக்கு, காதை மட்டும் வைக்க ஆண்டவன் மறந்துட்டான், டாக்டர்!" என்று டீச்சர் கத்துவார். அச்சுப் பேச்சை எடுத்தாலோ, "முதல்ல மூணாவது வரி, அப்புறம் என் பல்லு" என்று வாயை அடைத்துவிடுவார்.

இப்போது டீச்சர் தன் வாயையே துண்டால் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

"உதட்டை இறுக்காதீங்க டீச்சர்," என்றார் டாக்டரம்மா, கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு. "தோளைத் தளர்த்துங்க. மூச்சு வயித்துலேர்ந்து வரட்டும். அவசரப்பட்டா எதுவும் வராது."

அத்தனையும் டீச்சரின் சொந்த வசனம். திட்டக்கூட வழியில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

கச்சேரிக்கு முந்தின நாள், உடைந்த பல்லின் மேல் உறைபோல மாட்டும் கேப் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பழைய பல்லைவிட லட்சணமாக இருந்தது. அங்கேயே பெட்டியைத் திறந்து கிளாரினெட்டை எடுத்து வாசித்தார். சளி பிடித்த வாத்து மாதிரி ஒரு சத்தம் வந்தது.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "போச்சு டாக்டர். என் சத்தம் போச்சு." நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

"போகலை. இருங்க." டாக்டரம்மா கேப்பைக் கழற்றித் துளி ராவினார். மாட்டினார். "வாசிங்க."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டார். "இது இல்ல." மறுபடி ராவினார். "மேல் சுரம் தெளிஞ்சிடுச்சு. கீழதான் இன்னும் அடைச்சிருக்கு." மறுபடி. வெளியே கன்னம் வீங்கிக் காத்திருந்த ஒருவர், பல்லைத் தொட்டால் இப்படியா அலறுவார்கள் என்று எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். மூன்றாவது வரி வராத இவளுக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே டீச்சர் வாசித்தார், வாசித்தார், சட்டென்று நிமிர்ந்தார். பழைய ஒலி அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது.

"இதுதான்," என்றார் டாக்டரம்மா, திரும்பாமலே.

குருட்டு அதிர்ஷ்டம் என்று டீச்சர் முடிவு கட்டினார். கச்சேரி வரைக்கும் தாங்கட்டும் என்று கேப்பைத் தற்காலிகமாக ஒட்டி அனுப்பினார் டாக்டரம்மா.

சனிக்கிழமை டீச்சர் பிரமாதமாக வாசித்தார். வாசிக்கும்போதே அது அவருக்குத் தெரிந்தது. முடிந்ததும் இசைக்குழு நடத்துநர் வயலின்காரரின் கையைக் குலுக்கினார். கைதட்டல் எல்லோருக்கும் பொதுவாக விழுந்தது. வாசலில் ஒருவர் டீச்சரை நெருங்கி வந்து, மிகவும் மரியாதையாக, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். கணவர் மட்டும், "நல்லா இருந்தது" என்றார்.

"எது நல்லா இருந்தது?"

"எல்லாம்தான்."

திங்கட்கிழமை பல்லை நிரந்தரமாக ஒட்டப் போனபோது டீச்சர் பொரிந்து தள்ளினார். "எதுக்கு டாக்டர் நல்லா ஒட்டணும்? கோந்து போட்டு ஒட்டுங்க, போதும். நான் ஊதினா என்ன, ஊதாட்டி என்ன? எவன் கேட்டான்?"

டாக்டரம்மா அவர் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பஞ்சை அடைத்தார். கேப்பை வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இது காயற வரைக்கும் நீங்க பேச முடியாது. அதனால இப்பவே சொல்லிடறேன். நான் பாடத்துக்கு வர்றது அஞ்சு வருஷமா. கச்சேரிக்கு வர்றது அதுக்கும் ரொம்ப முன்னாடிலேர்ந்து. அத்தனை வாத்தியத்துல உங்களுது எதுன்னு கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. கண்டுபிடிச்ச பிறகு வேற எதையும் கேக்கப் பிடிக்கலை. ஆனா மேடையில உங்களுக்குன்னு வர்றது ரெண்டு நிமிஷம். பத்தலை டீச்சர். அதான் வீட்டுக்கே வந்து சேந்துக்கிட்டேன். நான் சரியா வாசிச்சா நீங்க வாசிக்க மாட்டீங்களே?"

டீச்சர், "ஆ... ஆ..." என்றார். மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் கன்னத்துக்கு வராமல் நேராகக் காதுக்குள் இறங்கியது.

"வலிக்குதா?"

இல்லையென்று தலையை ஆட்டினார். அவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா இன்னொரு துண்டுப் பஞ்சை எடுத்து அவர் காதோரம் ஒற்றினார்.

வாய்க்கு விடுதலை கிடைத்ததும், "அப்ப அந்த மூணாவது வரி?" என்றார் டீச்சர்.

"ரெண்டாவது வருஷமே வந்துடுச்சு."

"அடிப்பாவி!" என்று வாய்தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "நாளைக்கு வகுப்புக்கு வாங்க. தப்பில்லாம முழுசா வாசிச்சுக் காட்டுங்க."

"வர்றேன்," என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றிக்கொண்டே. "ஆனா தப்பாத்தான் வாசிப்பேன்."