பத்தாவது ஸ்லைடு

ஒன்பது வயதில் ஒரு கோழியின் ரத்தத்தை என்னுடையது என்று சொல்லி அத்தையை ஏமாற்றியிருக்கிறேன். இந்தக் கதையை எடுத்தால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி லேப் டெக்னீசியன் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை எழுதிய பிராக்டிகலில் கோட்டை விட்டுவிட்டாள். கொடைக்கானலில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. "இந்தத் தடவையும் போச்சுன்னா வத்தலக்குண்டு மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன், பாத்துக்க" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அத்தைக்கு மாப்பிள்ளையும் பிடிக்கவில்லை, வத்தலக்குண்டு வெயிலும் பிடிக்கவில்லை.

ஆகவே அந்த லீவுக்கு அவள் ஒரு பெட்டி நிறைய ஸ்லைடு கண்ணாடிகளோடு வந்து இறங்கினாள். பத்துப் பேருடைய ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி எடுத்துப் போக வேண்டும். காலேஜில் அதற்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, எந்த அணு எத்தனை என்று எண்ணிக் காட்ட வேண்டும். பத்தில் எதை எடுத்துக் கேள்வி கேட்பார் என்பது மேடத்தின் இஷ்டம்.

எங்கள் ஊரில் ரத்தம் எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. குளிரில் விரல் நுனி வெளிறிப்போய், குத்தினாலும் ஒரு சொட்டு வராது. சூடான டீ டம்ளரைக் கையில் கொடுத்துப் பத்து நிமிடம் பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் அத்தை ஊசியையே எடுப்பாள். வந்த சொட்டைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்து, இன்னொரு கண்ணாடியைச் சாய்த்து ஒரே தள்ளு. ரத்தம் நாக்கு நீட்டியது போல மெல்லிசாகப் பரவி நிற்கும். அது உடனே காய்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அணுக்கள் கெட்டுவிடும். மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊரில் எது உடனே காயும்? இரண்டு பேருடையது வீணான பிறகு, சவாரி முடித்து வந்த அப்பாவின் கார் பானெட்டில் பேப்பரை விரித்து, அந்தச் சூட்டில் காயவைத்தாள். தூண்பாறை பார்த்துவிட்டு வந்த வண்டியின் மேல் எங்கள் தெருவே வரிசையாகக் காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்பது பேர் முடிந்தது. லாட்ஜில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா, "நான் நல்லாத்தான இருக்கேன், என்னைய எதுக்குக் குத்துற" என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினாள். பத்தாவது ஆள் நான். ஊசியைப் பார்த்து மூன்று தடவை ஓடியிருந்தேன்.

அன்று வீட்டில் நாட்டுக்கோழி. பின்பக்கக் குழாயடியில் அப்பா அறுத்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கோழியைப் பார்த்தே பாடத்தை மனப்பாடம் செய்தாள். "மேல் தோல், எபிதீலியத் திசு. தொடை, தசைத் திசு. மூளை, நரம்புத் திசு. குருத்தெலும்பு, கொழுப்பு, ரத்தம், மூணும் இணைப்புத் திசு."

அப்பா கத்தியை நிறுத்தினார். "கொழம்புல எல்லாம் ஒண்ணுதான். வெரசா மஞ்சத்தூளை எடுத்துட்டு வா."

அத்தை உள்ளே போனாள். கிண்ணத்தில் ரத்தம் இன்னும் உறையவில்லை. ஒரு தீக்குச்சியை அதில் தொட்டுக்கொண்டு ஓடினேன். பார்த்துப் பார்த்துக் கை பழகியிருந்தது, ஒரே தள்ளு. ஓரத்தில் பென்சிலால் என் பெயரை எழுதி, பானெட்டில் அம்மாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு போய், நானே குத்தி எடுத்துவிட்டேன் என்றேன். அத்தை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா மதினி, உங்க மகளுக்கு எம்புட்டுத் தைரியம்னு!" அம்மா அன்றைக்கு எனக்குக் கூடுதலாக ஒரு முட்டை அவித்துக் கொடுத்தாள். அதையும் கூச்சமில்லாமல் தின்றேன்.

திங்கட்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் அத்தை கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மேடம் என்னுடையதை எடுத்துவிட்டால்? அத்தை வத்தலக்குண்டுக்குப் போய்விட்டால் லீவு நாளில் எனக்கு யார் தலை பின்னிவிடுவது, யார் பக்கத்தில் படுப்பது? அம்மாவை விட அத்தையை எனக்குப் பிடிக்கும். அதை நினைத்துப் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து அத்தை வந்தாள். மேடம் என்னுடையதைத்தான் எடுத்திருந்தார்.

"ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளயும் கரு உக்காந்திருக்கு" என்றாள். "மனுசனுக்குச் சிவப்பணுல கரு கெடையாதுடி. பறவைக்குத்தான் இருக்கும். இது யாருதுன்னு மேடம் கேக்குறாங்க. எங்க அண்ணன் மகளுதுன்னு சொல்றேன். கிளாஸே சிரிக்குது. அப்புறம் சுதாரிச்சு, மேடம், அந்தக் கழுதை என்னைய ஏமாத்திருச்சு, இது கோழின்னு சொன்னேன்."

கோழி என்று சரியாகச் சொன்னதற்காகவே மேடம் பாஸ் போட்டுவிட்டாராம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். என்னை யாரும் அடிக்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் அடுப்படியில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "நல்லா எண்ணிப் பாத்துட்டேண்ணே. எல்லாம் வெளுத்து, வெறும் வளையமா கெடக்கு" என்றாள் அத்தை. "புள்ள காதுல போட வேணாம்" என்றாள் அம்மா. எனக்குத் தெரிந்து அந்தப் பெட்டியில் இருந்த தப்பான ரத்தம் ஒன்றுதான். என் தண்டனையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாளே அது தெரிந்தும் விட்டது. எங்கள் வீட்டில் ஈரல் எப்போதும் எனக்குத்தான். அத்தை அதை எடுத்து, என் கண்ணெதிரே, அம்மாவின் தட்டில் வைத்தாள். "மதினி, நீங்க தின்னு முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்." அடுத்த வாரத்திலிருந்து அப்பா ஆட்டு ஈரலே தனியாக வாங்கி வந்தார். அதிலும் எனக்கு ஒரு துண்டு கிடையாது. அத்தை ஊரில் இல்லாத நாட்களில் அப்பா காவல் இருந்தார். பழைய சோற்றோடு எழுந்துபோகும் அம்மாவுக்குத் திடீரென்று பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, மருந்து பாட்டில். ஒரு கோழியின் பேரைச் சொல்லி இத்தனை பெரிய பழிவாங்கலா என்று பொருமினேன். அம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

அம்மாவின் ஸ்லைடில் அப்போது ரத்தம் எந்த அளவுக்கு வெளுத்துக் குறைந்திருந்தது என்பதை, நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது என் விரலைக் குத்திக்கொண்டே அத்தை சொன்னாள். அந்த உடம்போடு லாட்ஜின் மூன்று மாடியையும் எப்படி ஏறி இறங்கினாளோ என்றாள். அத்தையிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது.

நான் பேசாமல் இருந்தது அம்மாவுக்குத் தாங்கவில்லை. காவல் இருப்பவர் கை கழுவ எழுந்ததும், தன் தட்டிலிருந்த ஈரலைச் சோற்றுக்குள் பொதிந்து, சத்தமில்லாமல் என் தட்டில் தள்ளிவிடுவாள். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில், நானும் வாரா வாரம் ஒரு துண்டு விடாமல் தின்றேன்.