வாச்சர் காக்காவின் இரண்டாவது கார்ட்

கார்ட் வாசிக்கும் மெஷினுக்குப் பொய் தெரியும் என்றுதான் நான் முதலில் நம்பினேன். என் மகள் கம்பியூட்டரில்தான் தொழில் செய்கிறாள்; அவளுக்கு இது தெரிந்தால் சாய்ந்தமருது ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "இங்கிலீஷ் நல்லா வாசிப்பியா?" என்று மனேஜர் கேட்டார். "ஓம் சேர், தண்ணி பட்ட பாடு" என்றேன். சொல் வாயை விட்டு இறங்கவும் மெஷினில் சிவப்பு விளக்கு எரியவும் சரியாக இருந்தது. ஒரு கார்டைத் தலைகீழாக வைத்திருந்தேன், வேறு காரணமே இல்லை. ஆனால் பயந்தவனுக்குக் காரணம் எதற்கு? அன்றிலிருந்து பிஸ்மி சொல்லாமல் நான் அதைத் தொட்டதில்லை. அந்த அறைக்குள் பொய்யும் சொன்னதில்லை. பொய்களையெல்லாம் கன்டீனில் வைத்துத்தான் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் கந்தோர் கடற்கரை ஊர்களை விட்டு உள்ளே, வயல் வெளிகளின் நடுவில் இருந்தது. ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் கிளை அலுவலகம். கொழும்பில் பாவித்துச் சலித்துப் போன மெஷினை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். திருக்கோவில் ஊரிலிருந்து வரும் பஞ்ச் மிஸ் தட்டச்சு செய்வதுபோல் அடிப்பா. நீள அட்டைகளில் சின்னச் சின்னத் துளைகள் விழும். அந்தக் கார்டுகளை விசிறிபோல் விரித்து உதறி, மேசையில் தட்டி ஒழுங்காக்கி, மெஷினின் தட்டில் அடுக்குவது என் வேலை. மெஷின் ஒவ்வொன்றாக இழுத்துத் துளைகளை வாசிக்கும், பக்கத்தில் உள்ள பிரின்டர் படபடவென்று அச்சடிக்கும். ஏசி போட்ட அறையில், துணி போர்த்திக்கொண்டு, வேளாவேளைக்குத் தீனி தின்று கிடப்பதால் வாச்சர் காக்கா அதற்கு 'புது மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார். "மாப்பிள்ள இண்டைக்குச் சாப்பிட்டாரா மனே?" என்றுதான் காலையில் கேற்றைத் திறந்துவிடுவார்.

காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். கந்தோரில் வயதில் மூத்தவர் என்பதால் மனேஜரைத் தவிர எல்லோருக்கும் அவர் காக்காதான். நாவிதன்வெளிப் பக்கம் குத்தகைக்கு வயல் செய்து நட்டப்பட்டு, கேற்றுக்கு வந்து பதினொரு வருடம். அன்றும் நாள் சம்பளம்தான். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்று அவர் கூட்டுத்தாபனத்தின் ஆளே இல்லை. நானும் நாள் சம்பளக்காரன்தான், ஆனால் எனக்கு இருபது வயது. எனக்கு அது வேலை, அவருக்கு அது விதி.

அந்த மாரியில் கொழும்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. நாள் சம்பளக்காரரை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். பெயர் லிஸ்ட்டை உடனே அனுப்ப வேண்டுமாம். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு கார்ட். முதலாவதில் பெயர், இரண்டாவதில் வேலைக்குச் சேர்ந்த தேதி, இரண்டிலும் ஆளின் இலக்கம். முதலாவதன் பின்னால் இரண்டாவது வரவேண்டும். தவறினால் ஒருவனின் பெயருக்கு இன்னொருவனின் தேதி ஒட்டிக்கொள்ளும். மிஸ் எல்லாவற்றையும் அடித்து முடித்தா. பார்த்து அடித்த படிவங்கள் கொழும்புக்கே திரும்பிப் போயின. அதன் பிறகு விடாமல் ஒரு கிழமை மழை. ஏசி செத்தது. கார்டுகள் ஈரம் குடித்து ஊதின. தட்டில் வைத்த முதல் இரண்டையும் மெஷின் இழுத்து அப்பளம்போல் நொறுக்கித் துப்பியது. நொறுங்கியதைப் பார்த்தே மிஸ் புதிதாக அடித்துத் தந்தா. "மிச்சத்தையும் இப்பிடிக் குடுத்தா நான் கிழவியாகிருவன்கா" என்றா.

மறுநாள் காலை வெயில் எறித்தது. பகல் இரண்டு மணிக்கு லிஸ்ட்டை ஏற்றிக்கொண்டு ஜீப் கொழும்புக்குப் போகும். வயல்காரன் மகனுக்கு வேறென்ன தோன்றும்? முற்றத்தில் பன்பாய்களை விரித்து, கார்டுகளை வரிசை வரிசையாகக் காயப்போட்டேன். ஆடு மாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் காக்காவை இருத்திவிட்டு, மெஷினைத் துடைக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்து, பாயின் மேல் நடந்துகொண்டிருந்தார். காயும் நெல்லைக் கிளறுவதுபோல் காலை இழுத்து இழுத்து, சால் சாலாக, அழகாக.

"என்ன காக்கா செஞ்சிங்க?"

"ஒரு பக்கம்தான் காஞ்சிரிந்திச்சி மனே. பிரட்டி உட்டன்."

"வரிசை கொழம்பிட்டே."

"நெல்லுக்கு என்ன மனே வரிசை?"

கார்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, நானும் மிஸ்ஸும் தரையில் குந்தி இலக்கம் பார்த்துப் பார்த்துச் சோடி சேர்த்தோம். வெயிலில் வளைந்து போனவற்றை நேராக்க மேலே பலகை வைத்து அதில் நான் ஏறி உட்கார்ந்தேன். அந்த அவதியிலும் என் சோடியை முதலில் தேடியெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மிஸ் அதைக் கண்டா.

ஒரு மணிக்கு ஒரு பெயர்க் கார்ட் மட்டும் தனியே மிஞ்சியது. அதன் சோடி இல்லை. பெயர், வாச்சர் காக்காவுடையது.

பாயை உதறினோம். மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் பார்த்தோம். வேலியோரம் நின்ற ஆட்டின் வாயைப் பிளந்தும் பார்த்தேன். காக்காவும் முழங்காலில் நின்று புல்லை விலக்கித் தேடினார். "யார்ர கார்ட் மனே?" என்றார். "ஒரு வயல்காரன்ட" என்றேன். "பாவம். புள்ள குட்டிக்காரனாக்கும்" என்று மீண்டும் குனிந்தார்.

உள்ளே வந்ததும் மிஸ் அந்தப் பெயர்க் கார்டை அடுக்கில் அதன் இடத்தில் செருகிவிட்டு, ஒரு வெற்றுக் கார்டை எடுத்தா. "சேந்த தேதியை அவரிட்டயே கேட்டு அடிச்சிருவம்."

"படிவம் இல்லாம அடிச்சா மெஷினுக்குத் தெரியும் மிஸ்."

"மெஷினுக்கு ஓட்டைதான்கா தெரியும்."

"மனேஜருக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போகும்."

"அடிக்காட்டி ஒராளுக்குப் போகும்" என்று சொல்லிவிட்டு மிஸ் கேற்றடிக்குப் போனா. ஜீப்காரன் ஹோர்ன் அடித்தான்.

மிஸ் திரும்பியபோது உள்ளங்கையில் தேதி எழுதியிருந்தது. பிரின்டர் அதற்குள் காக்காவின் இடத்தையும் கடந்து லிஸ்ட்டின் பாதியைத் தாண்டியிருந்தது. "மனேஜர் வந்து ஸ்டார்ட் பட்டனை அமத்திட்டார்" என்றேன். முதல் நாளுக்குப் பிறகு அந்த அறைக்குள் நான் சொன்ன முதல் பொய். சிவப்பு விளக்கு எரியவில்லை. மிஸ் என்னையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டா. அதன் பின் என்னோடு வேலைக் கதையைத் தவிர வேறு கதை கதைத்ததில்லை.

நிரந்தரக் கடிதங்கள் நோன்பு மாதத்தில் வந்தன. எனக்கும் வந்தது. அடுத்த லிஸ்ட் என்று ஒன்று வரவே இல்லை. சில வருடங்களில் மெஷினையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காக்காவுக்கு யாரோ சொல்லித்தான் தொலைந்தது தன் கார்ட் என்று தெரிந்தது. "என்ட காலால வந்த வினை மனே" என்பார். பெருநாளைக்குப் போனாலும் அதையே சொல்வார். நான் ஏதாவது பகிடி விடுவேன், அவரும் சிரிப்பார். இருமல் முற்றிக் கிடந்த கடைசி நாட்களிலும் அந்தக் காலைப் பார்த்துத்தான் பேசினார். அவர் மௌத்தாகிப் பல வருடம். நான் இன்று பென்சன் எடுக்கிறேன். அவருடைய வீட்டுக்காரி இடியப்பம் அவித்து விற்கிறா.

அன்று மனேஜர் அந்த அறைக்கு வரவில்லை. மிஸ் கேற்றடிக்குப் போன அந்த ஐந்து நிமிடத்தில், காக்காவின் பெயர்க் கார்டை அடுக்கிலிருந்து உருவியெடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, மெஷினின் ஸ்டார்ட் பட்டனை அமத்தியவன் நான்தான்.