கண்டக்டர் மூக்கும் புளித்தண்ணீரும்

செய்தி வந்தது விடிகாலை ஐந்தரைக்கு. மற்ற நாட்களில் அந்நேரம் என் அக்காள் புருஷன் தேவதாஸ், மீன்கூடைக்குள் தலையை விட்டு முகர்ந்துகொண்டிருப்பார். முந்தின மாலைதான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அங்கேயே போய்விட்டார்.

முகராமல் அவர் எதையும் தொட்டதில்லை. பொன்னேரியில் ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் குடுவை கழுவும் வேலை. எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தில் அவர் பேசுவதைக் கேட்டால் கல்லூரியையே அவர்தான் நடத்துகிறார் என்று தோன்றும். கல்யாணப் பந்தியில் வஞ்சிரத் துண்டை மூக்கருகே பிடித்து, "நேத்து மத்தியானம் செத்தது" என்று அறிவிப்பார். பக்கத்து இலைக்காரரின் கை அப்படியே நின்றுவிடும்.

அக்கா ஜெபசெல்வி பொன்னேரிக்குப் பஸ்ஸில் மீன் கொண்டுபோய் விற்பவள். ஒருநாள் கண்டக்டர், "நாத்தம் தாங்கல, எறங்கும்மா" என்று பாதி வழியில் இறக்கிவிட்டார். கூடையோடு நடந்தே திரும்பினாள். "இனிமே அந்த பஸ்ஸுல ஏறமாட்டேன்" என்றாள். பஸ் இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை.

மாமா உற்சாகமாகிவிட்டார்.

"கடல் மீனு உப்புத்தண்ணில தாக்குப்பிடிக்க ஒடம்புக்குள்ள ஒரு சரக்கு வச்சிகினு கீது. உசுரோட இருக்கசொல்லோ அதுக்கு வாசனையே இல்ல. செத்தப்புறம் கிருமி பூந்து அத டிரைமெத்தில் அமீனா மாத்துது. அதான் பறந்து போயி கண்டக்டர் மூக்குல குந்திகிது. புளிப்பு பட்டா அது உப்பா மாறி அங்கியே குந்திக்கும். புளிய ஊத்து, எப்டி பறக்குதுனு பாக்கலாம்!"

மறுநாள் மீனையே புளித்தண்ணீரில் முக்கி அனுப்பினார். பொன்னேரிப் பெண்கள் முகர்ந்து பார்த்தார்கள். மீன் வாடை இல்லை. புளிப்பு வாடை இருந்தது. "கெட்டத மறைக்கிறியா?" என்று ஒருத்தி கேட்டதும் மற்றவர்களும் நகர்ந்துவிட்டார்கள். நிறைந்த கூடையை அக்கா அவர் முன்னால் இறக்கினாள்.

"யோவ், நான் மீன் விக்கப் போறனா, ஊறுகா விக்கப் போறனா?"

அத்தனை மீனையும் நாங்களே தின்றோம். மாமா ஒவ்வொரு துண்டையும் முகர்ந்துவிட்டுத் தின்றார்.

அதன்பிறகு, நாற்றம் புது மீனில் இல்லை, கூடையில் ஊறிய பழைய மீன்தண்ணீரில்தான் என்று மீனை விட்டுவிட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டார். அவள் திரும்பியதும் கூடையைப் புளித்தண்ணீரில் ஊறவைப்பார், தேங்காய் நாரால் தேய்ப்பார். விடிந்ததும் முகர்ந்து பார்த்து, "ஏறு பஸ்ஸுல" என்பார். கண்டக்டர் அப்புறம் வாயே திறக்கவில்லை. அக்காதான் திறப்பாள்.

"பொண்டாட்டிய ஒரு நாளாச்சும் இப்டி மோந்து பாத்திருப்பியா?"

"பாத்தனே. அதே அமீன்தான்."

துக்கம் கேட்க வந்தவர்கள் போனபின் அக்கா குழாயடிக்குப் போனாள். ஊறிக்கிடந்த கூடையைத் தூக்கினாள், முகர்ந்தாள், மறுபடி தண்ணீரிலேயே வைத்தாள். ஒரு பக்கம்தான் தேய்த்திருக்கிறது. நார் உள்ளேயே கிடக்கிறது.