நாக்கால் ஊர் அளந்தவர்

கிணற்று மேட்டில் மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளி பொறுக்கிப் பற்றவைத்து, மடியில் முடிந்து வந்த ஒரு பிடி துவரம்பருப்பைச் சட்டியில் கொட்டிவிட்டுக் குந்தியிருந்தார் கைலாசம். சுற்றி அந்த ஊரில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல அடுப்பு இல்லீங்களா?" என்றான் ஒருவன்.

"அடுப்பு இருக்குது சாமி. செத்த சும்மா இருங்க, உங்க ஊருத் தண்ணி பேசிக்கிட்டிருக்குது."

பருப்பு விரலில் மசிந்தால் தண்ணீர் தேறியது. மசியவில்லை என்றால் அடுப்பை அணைத்துச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, மறுபேச்சின்றி அடுத்த ஊருக்கு நடையைக் கட்டிவிடுவார்.

சேலத்தில் சாயப்பட்டறை வைத்திருப்பவர் அவர். முப்பது வருஷம் நூலுக்கு நீலம் ஏற்றியதில் இரண்டு கையும் முழங்கை வரை நீலம். எந்தச் சோப்புக்கும் போகாது. உப்பு ஏறிய தண்ணீர் சாயத்தைக் கெடுத்துவிடும் என்பதால், ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்தே கிணற்றின் குணம் சொல்லிவிடுவார். பூகோளம் படித்த நாமெல்லாம் தேசப்படத்தில் விரலை ஓட்டித் தேடுவதை அவர் நாக்கை நீட்டித் தேடினார்.

ஊர் தேட வைத்தது ஜப்பான்காரன் சண்டை. நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை அது. சீமைச் சாயம் கப்பலேறுவது நின்று பட்டறைத் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. சென்னையில் குண்டு விழப்போகிறது என்று ஊரே கிளம்ப, அங்கே வாழ்க்கைப்பட்ட மகள் சாரதாமணி ஏழு மாத வயிற்றோடு ரயிலேறி வந்துவிட்டாள். கைலாசத்தின் வீடோ ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரம். "ஏரோப்ளேன்காரன் ஸ்டேஷனுக்குத்தான் குறி வெப்பான். கொஞ்சம் தப்புச்சுதுன்னா எங்க ஊட்டு ஓடுதான்" என்பார். வெளியிலிருந்து ஒரு துரும்பு வராவிட்டாலும் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கும் ஊரில் மகளுக்குப் பிரசவம் ஆக வேண்டும். அதுதான் அவர் கவலை.

பருப்பு வெந்துவிட்டால் கேள்விகள் தொடங்கும். உப்பு யார் கொண்டுவருவது? விளக்குக்கு ஆமணக்கு உண்டா? செக்கு எங்கே? பேறு பார்க்க யார்? மோகனூரைக் கேள்வி கேட்காமலே தள்ளிவிட்டார். "ஆத்தங்கரையில பட்டாளம் வந்து எறங்கும்." பனமரத்துப்பட்டிக்கு அவ்வளவு பெரிய ஏரி இருந்தும் வேண்டாம் என்றுவிட்டார். "மேல இருந்து பாத்தா கண்ணாடியாட்டம் மின்னும். நாமளே வெளக்குப் புடிச்ச மாதிரி." பதினோராவது ஊரும் தேறாமல் அவர் வீடு திரும்பிய அன்று, மனைவி கந்தம்மாள் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஊரு பாத்து முடிக்கறதுக்குள்ள உங்க பேரன் பள்ளிக்கூடம் போயிருவான்."

பன்னிரண்டாவது ஊர் ஊத்துப்பள்ளம். நாமகிரிப்பேட்டை தாண்டி மலையடிவாரத்தில், வண்டித்தடம் முடிகிற இடம். பருப்பு ஒன்றரை நாழிகையிலேயே குழைந்தது. தானியத் தொம்பைகளில் ராகியும் கம்பும் கழுத்து வரை இருந்தன. மருத்துவச்சி அங்காளம்மாள் பேறு பார்த்த பிள்ளைகளே ஊரில் பாதி. ஊரே சொல் கேட்கும் மாரக்காள், "புள்ளத்தாச்சியைக் கூட்டியாங்க, பாத்துக்கலாம்" என்று தலையசைத்தாள்.

கைலாசத்துக்குத் தலைகால் புரியவில்லை. சேலம் திரும்பியதும் நேரே சவரக் கடைக்குப் போய் உட்கார்ந்து, ஒரு கன்னம் மழிப்பதற்குள் ஊத்துப்பள்ளத்தைப் பற்றி முழுவதும் சொல்லி முடித்தார். தடம் கூடச் சொன்னார்.

நாலாம் நாள் மகள், மனைவி, தம்பி குடும்பம் என்று பதினோரு பேரை இரண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தால், புளியந்தோப்பில் நாலு வண்டி அவிழ்த்துப் போட்டிருந்தது. அடுப்புகள் புகைந்தன. பக்கத்து வீட்டுச் சின்னராஜ் எழுந்து ஓடிவந்தான்.

"வாங்க மாமா. நீங்க சொன்னாப்புலயே பருப்பு பூவாட்டம் வேகுதுங்க."

மாரக்காள் கிணற்றடியில் நின்றிருந்தாள். தண்ணீர் மூன்று படி இறங்கியிருந்தது.

"ஏனுங்க சாயக்காரரே, அன்னிக்கு எங்க ஊருல என்னென்ன இருக்குதுன்னு கேட்டீங்க. எத்தன வாயின்னு கேக்கவே இல்லியே."

"எத்தனைங்க?"

"தொண்ணூறு. தோப்புல முப்பத்தெட்டு எறங்கியிருக்குது. நீங்க?"

கைலாசம் வண்டிகளைத் திரும்பிப் பார்த்தார். "பதினொண்ணு."

"அத்தனை வாய்க்கு இது எல்லாமும் இருக்கற ஊரு இல்லீங்க. ஆடி வரைக்கும் தாங்காது."

இதற்குள் அங்காளம்மாள் வண்டிக்குப் போய்ச் சாரதாமணியின் வீங்கிய கால்களை அமுக்கிப் பார்த்துவிட்டாள். "இந்தப் பொண்ணை இனி வண்டியில ஏத்துனா நான் பொறுப்பில்லீங்க."

மாரக்காள் வண்டியருகே வந்தாள். "பொண்ணு இருக்கட்டும். தொணைக்கு ஆத்தாளும் இருக்கட்டும். மத்தவங்களையெல்லாம் நீங்கதான் கூட்டியாந்தீங்க, நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க."

"நான் சொன்னா போவாங்களா?"

"நீங்க சொல்லித்தானே வந்தாங்க."

கைலாசம் எல்லாரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். ஒரு குடம் சேந்தி, ஒரு வாய் ஊற்றி, கண்ணை மூடிக் கன்னத்துக்குக் கன்னம் புரட்டினார். அத்தனை பேரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தூவென்று துப்பினார்.

"மாறிப்போச்சு."

"பருப்பு வேகுதுங்களே மாமா" என்றான் சின்னராஜ்.

"பருப்பு வேகும். வயிறு தாங்காது. கோடை ஏற ஏற மலையில இருந்து துரு எறங்குது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். சொன்னது அந்த நாக்கு. ஒரு நாழிகையில் தோப்பு காலி. சின்னராஜின் மனைவி சாலம்மாள்தான் வண்டியில் ஏறாமல் நின்றாள். "சாரதா இங்கயா இருக்கப் போவுது, இந்தத் தண்ணியில?"

"வண்டியில ஏத்தக் கூடாதுன்னுட்டாங்க. என்ன பண்றது" என்றார் கைலாசம், மாட்டுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே. சாலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாரதாமணிக்கு ஆனியில் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் கந்தம்மாளும் இன்னும் ஊத்துப்பள்ளத்தில்தான் இருக்கிறார்கள். கைலாசம் தம்பி குடும்பத்தோடு ஸ்டேஷன் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். யார் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது என்கிறார். சனிக்கிழமைதோறும் பேத்தியைப் பார்க்கப் புறப்படுகிறார். அன்று விடிந்ததும் சாலம்மாள் சேலத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, துணியில் வடிகட்டி, ஒரு பித்தளைத் தூக்கு நிறைய ஊற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். "இதையே பச்சப்புள்ளைக்குக் குடுக்கச் சொல்லுங்க மாமா." அவர் அதை இரண்டு நீலக் கைகளாலும் வாங்கிக்கொண்டு போய்க் பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடும் கரிவாயு பஸ்ஸில் ஏறுகிறார். குலுக்கலில் ஒரு சொட்டும் சிந்திவிடாதபடி, மடியில் வைத்து மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாமகிரிப்பேட்டை வரும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.