கௌதாரிக்காக விட்ட புல்

எங்கள் அப்பா வனத்துறையில் கார்டாக இருந்தார். வருஷம் முழுவதும் மலையில் தீ வைப்பவர்களைத் தேடிப் பிடிப்பதும், மாசி மாதத்தில் ஒரு வாரம் தானே தீ வைப்பதும் அவருடைய வேலை. எட்டு வயதில் எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் அடி அண்ணாமலையில் வாடகைக்கு இருந்தோம். அப்போது மலைமேல் மரம் குறைவு, ஆள் உயரப் புல்தான் ஜாஸ்தி. கோடையில் யாராவது பீடித் துண்டை எறிந்தால் போதும், உச்சியிலிருந்து அடிவாரம் வரை எரிந்துவிடும். கீழே ஓடையை ஒட்டிக் கொஞ்சம் புதர்க்காடு மட்டும் தப்பியிருந்தது. ஆத்தி, வெப்பாலை, கொன்றை எல்லாம் அங்கேதான் தானாக முளைத்து வந்தன. முயலும் நட்சத்திர ஆமையும் கௌதாரியும் அதற்குள்தான் இருந்தன. அதைக் காப்பாற்றத்தான் அப்பா, பனி ஈரம் காயாத காலை வேளையில், காட்டுக்கு மேல்புறம் வண்டிப்பாதை அகலத்துக்குப் புல்லை நீளமாகக் கொளுத்தி, பச்சைத் தழையால் அடித்து அணைத்துக்கொண்டே போவார். கோடையில் மேலிருந்து இறங்கும் தீ, எரிய ஒன்றும் இல்லாத அந்தக் கரிக்கோட்டில் வந்து நின்றுவிடும்.

அந்த வருஷம் அம்மாவின் தம்பியும், அதாவது என் மாமாவும், தினக்கூலியாக அப்பாவோடு சேர்ந்திருந்தார். அவருக்குக் கூழ் எடுத்துப்போன இடத்தில்தான் நான் அந்தக் கூட்டைப் பார்த்தேன். புல் தூருக்கு அடியில் ஐந்து கௌதாரி முட்டைகள். மாமா கொளுத்திக்கொண்டு வந்த தீ நாலைந்து பாய் தூரத்தில் இருந்தது. அப்பா கோட்டின் மறுமுனையில் இருந்தார்.

"மாமா, இங்க வேணாம் மாமா. முட்டை இருக்குது."

"உங்கப்பா பாத்தா தோலை உரிச்சுடுவாரு."

"அப்பாவுக்குச் சொல்ல வேணாம். கொஞ்சூண்டுதானே?"

மாமாவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. நான் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதும் இல்லை. கூட்டைச் சுற்றி ஒரு பாய் அளவு விடலாம் என்று ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் கெஞ்சக் கெஞ்ச, அது கோட்டின் மேல்கரையிலிருந்து கீழ்க்கரை வரை நீண்டுவிட்டது. அப்பா வந்து கேட்டபோது, "எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்றார் மாமா. அப்பாவும் நம்பினார்.

பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போய்ப் பார்த்தேன். மூன்று வாரம் இருக்கும், ஒருநாள் வெறும் ஓடுகள்தான் கிடந்தன. சற்றுத் தள்ளித் தாய்க் கௌதாரி முன்னால் போக, குஞ்சுகள் வரிசையாகப் புதர்க்காட்டுக்குள் ஓடின. எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடு காலியாகிவிட்டது, இனி அந்தப் புல்லைக் கொளுத்திவிடலாம் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. மாமா மறந்தே போயிருந்தார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலையில் தீ இறங்கியது. கோடு நெடுக அது வந்து நின்றதை ஊரே பார்த்தது. நாங்கள் விட்ட இடத்தில் மட்டும் நிற்கவில்லை. அப்பாவும் மற்றவர்களும் ஓடிப்போய்த் தழையால் அடித்துப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் பாதிக் காடு போய்விட்டது. அப்பாவின் முழங்கை வெந்திருந்தது.

மறுநாள் அவர் பின்னாலேயே சாம்பலில் நடந்தேன். ஆமை ஓடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுக்கு உயிர் இருந்தது. அதைத் தன் துண்டில் சுற்றிக்கொண்டார். கௌதாரிகளை நான் எவ்வளவு தேடியும் காணவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான்தான்பா அந்தப் புல்லை விடச் சொன்னேன். கூடு இருந்துச்சு."

அப்பா ஆமையைத் துண்டோடு கீழே வைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கூட்டைச் சுத்திப் புல்லை அறுத்து உட்டுட்டு மத்ததைக் கொளுத்தியிருப்பேனே. வருஷா வருஷம் அப்படித்தானே செய்யறேன்" என்றார். அடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரேஞ்சர் வந்தார். கோட்டில் கொளுத்தாமல் விட்ட இடத்தை யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை; தீ அதன் வழியாகத்தான் காட்டுக்குள் இறங்கியிருந்தது.

"யாருய்யா இதை உட்டது?"

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தாங்க. அன்னைக்குக் காத்து ஜாஸ்தியா இருந்துச்சு. அப்புறம் பாத்துக்கலாம்னு உட்டுட்டேங்க."

அன்றைக்குக் காற்றே இல்லை. அதைச் சொல்ல நான் வாய் திறந்தேன். மாமா என் கையை இறுக்கிப் பிடித்தார். ரேஞ்சர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அத்தோடு விஷயம் முடிந்தது என்றிருந்தேன்.

சித்திரையில் அப்பாவுக்கு ஜவ்வாது மலைக்கு மாற்றல் வந்தது. அம்மா பாத்திரங்களை ணங்கென்று மூட்டையில் போட்டுச் சாமான்களைக் கட்டினாள். மாமாவின் கூலிவேலை நிலைத்தது. எங்கள் டிரங்குப் பெட்டியைப் பஸ் மேல் ஏற்றிவிட்டு, அப்பாவைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பி நின்றார். ஒரு மலையை நன்றாகப் பார்த்துக்கொண்டவருக்கு அதைவிடப் பெரிய மலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் மாமாவுக்குக் கைகாட்டிக்கொண்டே போனேன்.